கடைசி வரிசைத் தலைகள்

ஒரு குழந்தையின் தலையைக் கையால் தொடாமலே அதில் பேன் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்குச்சிகளை உருவிக்கொள்வேன். ஒன்றால் முடியை விலக்கி, மற்றதால் அழுத்திப் பிடித்து, குனிந்து பார்ப்பேன். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார்த்தால் போதும். பேன் அங்கேதான் அடையும். பொடுகு ஊதினால் பறந்துவிடும், ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதெல்லாம் ஆசிரியப் பயிற்சியில் சுகாதாரப் பாடத்தில் படித்தது. குச்சியை வைத்துப் பார்க்கும்படி எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கடலாடிப் பக்கத்தில் என் சொந்த ஊரிலேயே தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தேன். ஊரில் இரண்டு தெருக்கள். ஒன்றில் நிலம் உள்ளவர்கள், நானும் அதில் ஒருவன். இன்னொன்றில் அந்த நிலங்களில் மிளகாய்க்குக் களை எடுக்கவும் பழம் பறிக்கவும் போகிறவர்கள். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் படித்தார்கள். எம்.ஏ. முடித்துவிட்டுக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தர வந்தவன் என்று மற்றவர்கள் என்னைப் புகழ்வது எனக்குப் பிடிக்கும். நானும் அப்படித்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் பள்ளி முழுக்கத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தது. பாடம் நடத்தும்போது கரும்பலகையிலிருந்து திரும்பினால் பாதிக் கைகள் தலையில் இருக்கும். திங்கட்கிழமை தோறும் தலைச் சோதனை என்று அறிவித்தேன். சோதனையில் பதினொரு பிள்ளைகள் அகப்பட்டார்கள். அவர்களைக் கடைசி வரிசையில் சுவரோரமாக உட்கார வைத்தேன். பதினொருவரும் கூலிக்காரர் தெருப் பிள்ளைகள். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை, ஏனென்றால் நான் சோதித்தது அந்தத் தெருப் பிள்ளைகளை மட்டும்தான். எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எண்ணெய் வழிய வாரி, இறுக்கி ரெட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்து வருவார்கள். அந்தத் தலைகளைப் பார்த்தாலே சுத்தம் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். எண்ணெய் தடவிய தலையிலும் பேன் சுகமாகவே வாழும். அதற்குத் தெருவும் தெரியாது, அழுக்கும் தெரியாது. தலையும் தலையும் ஒட்டினால் ஏறிவிடும். அவ்வளவுதான்.

பதினொருவரில் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இருந்தாள். வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் சொல்லக்கூடியவள். முழங்கால் வரை தொங்கும் முடி. மூன்று திங்கட்கிழமைகள் தொடர்ந்து அவள் தலையில் பேன் இருந்தது. நான்காவது வாரம், முடியை எடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வர வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று மத்தியானமே அவளுடைய அம்மா வந்தாள். களை எடுப்பிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், கணுக்கால் வரை கரிசல் மண் ஒட்டியிருந்தது. வகுப்பறை வாசலுக்கு வெளியே நின்றாள்.

“வாத்தியாரய்யா, எம்புள்ளைய வர வேணாம்னு சொன்னீகளாம்.”

“வர வேணாம்னு சொல்லல. முடிய எடுத்துட்டு வரச் சொன்னேன்.”

“அது சாமிக்கு விட்ட முடி. போன வருசம் மஞ்சக்காமாலையில பொழைக்காதுன்னு கைய விரிச்சிட்டாக. அப்ப நேந்துக்கிட்டது. மாசிக் களரிக்குத்தான் எடுக்கணும். அது வரைக்கும் கத்தியோ கத்திரியோ படப்படாது.”

மாசிக் களரி என்றால் எங்கள் பக்கத்தில் சிவராத்திரியை ஒட்டிக் குலதெய்வத்துக்கு எடுக்கும் திருவிழா. எந்த ஊரில் இருந்தாலும் அன்று எல்லாரும் தங்கள் சாமி இருக்கும் இடத்துக்கு வந்துவிடுவார்கள். நேர்ந்துகொண்ட முடியின் கதை எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டிலும் அப்படி நேர்ந்திருக்கிறார்கள்.

“அப்ப மாசி கழிச்சு வரட்டும்” என்றேன்.

“அதுக்கு இன்னும் மூணு மாசம் கெடக்கே. அஞ்சாப்புப் பரிச்சையில எதப் படிச்சு எத எழுதுவா? அப்புறம் கடலாடியில ஆறாப்பு ஆரு சேத்துக்கிருவாக? எங்கூடக் களை எடுக்கத்தான் வருவா.”

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அந்தத் தெருவிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை. இவள் போவாள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் வகுப்பு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு வாய் நீண்டது.

“முடி சாமிக்கு நேந்தது, சரி. பேன் யாருக்கு நேந்தது?”

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். இத்தனை வருடம் கழித்து எழுத உட்கார்ந்தால் முதலில் காதில் விழுவது அந்தச் சிரிப்புதான்.

அவளும் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். பிறகு, “பேனுக்கு நான் பொறுப்பு” என்றாள். “பத்து நாளு குடுங்க வாத்தியாரய்யா. பத்தாம் நாளு நீங்களே எம்புள்ள தலையச் சீவிப் பாருங்க. ஒத்தப் பேனு விழுந்தாலும் நானே கூட்டிக்கிட்டுப் போயிர்றேன், பேச்சே இல்ல. விழலைன்னா, அதே சீப்பால பள்ளிக்கூடத்துல இருக்குற அம்புட்டுத் தலையையும் எங்கண்ணு முன்னால சீவணும்.”

“அம்புட்டுத் தலையுமா?”

“அம்புட்டும்தான். அவ தலைக்கு மட்டும் வானத்துல இருந்தா விழுந்துச்சு?”

முழங்கால் நீள முடியைக் கத்திரி வைக்காமல் பத்து நாளில் சுத்தப்படுத்த யாராலும் முடியாது என்று நம்பினேன். அதனால் சரி என்றேன். அந்தப் பத்து நாளும் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினேன். வரவிடாமல் செய்தவன் நான். பதிவேட்டில் அது அவளுடைய குறையாக நின்றது.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“என்னங்க, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம புள்ள தலையில பேனு அப்பிக் கெடக்கு.”

என் மகளும் ஐந்தாம் வகுப்புதான். அந்தப் பெண்ணோடு ஒரே வகுப்பு.

“வெளிய மூச்சு விடாத” என்றேன்.

“மூச்சு விடல. அப்ப அந்தப் புள்ளைய எதுக்கு அனுப்புனீக? ரெண்டு கழுதையும் மத்தியானச் சோத்துக்கு அப்புறம் கெணத்தடியில ஒக்காந்து ஒண்ணுக்கொண்ணு சடை பின்னிக்கிருதாம். எது எதுக்குக் குடுத்துச்சோ, ஆரு கண்டா?”

அது எனக்குப் புதுச் செய்தி. அன்றே அந்தப் பெண்ணைத் திருப்பி அழைத்திருக்கலாம். கடைசி வரிசையைக் கலைத்திருக்கலாம். அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்தான். கதவைச் சாத்தச் சொன்னேன். அடுப்படியிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, நானே மகளின் தலையில் ஊற்றித் துணியால் கட்டினேன். அவள் எரியுது எரியுது என்று துடித்தாள். கட்டை அவிழ்க்காமலிருக்க இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். கதறினால் தெருவுக்குக் கேட்கும் என்று வாயையும் பொத்தினேன். ஒரு மணி நேரம் கழித்து அலசியபோது செத்த பேன்கள் தண்ணீரோடு போயின. காதுக்குப் பின்னால் தோல் சிவந்து வெந்திருந்தது.

“தீந்துச்சு” என்று மனைவியிடம் சொன்னேன். பக்கத்து அடுப்படியில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பது அப்போது என் புத்தியில் உறைக்கவில்லை. தீப்பொறி ஒன்று பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைப் பிறகு பல தடவை நினைத்து நடுங்கியிருக்கிறேன். பிள்ளைகள் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஊற்றாதீர்கள். படித்தவன் ஒருவன் ஊற்றியதைச் சொல்லிவிட்டேன்.

பத்தாம் நாள் காலையில் மணி அடிப்பதற்குள் அம்மாவும் மகளும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அந்தப் பெண்ணின் தலை ஈரமாக, எண்ணெய் பூசி, நாலு பாகமாகப் பிரித்து முடிச்சிட்டிருந்தது. பள்ளி முழுக்க வெளியே வந்து வட்டம் கட்டியது. நான் என் வெள்ளைத் துண்டைத் தரையில் விரித்தேன். அவளுடைய அம்மா மடியிலிருந்து இரண்டு பக்கமும் நெருக்கப் பல் வைத்த பேன்சீப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே சீவுங்க. நான் சீவுனா ஒளிச்சுட்டேன்னு சொல்லுவீக.”

நான் வழக்கம்போல ஈர்க்குச்சிக்காகத் திரும்பினேன்.

“குச்சி என்னத்துக்கு வாத்தியாரய்யா? கையால புடிச்சாத்தான் சீப்பு ஏறும்.”

அந்தத் தெருப் பிள்ளை ஒன்றின் தலையில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. ஆறு வருடம் அந்தப் பள்ளியில் இருந்த பிறகு.

பிடரியிலிருந்து தொடங்கினேன். தோலை ஒட்டிச் சீப்பை வைத்து நுனிவரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் துண்டில் துடைத்தேன். ஒரு பாகம் முடிந்தது, ஒன்றுமில்லை. இரண்டாம் பாகம், ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் மூன்று முறை போனேன். உள்ளதைச் சொல்கிறேன், ஒரு பேனாவது விழாதா என்று ஏங்கிக்கொண்டு சீவினேன். வெயில் ஏறிவிட்டது. நாலு பாகமும் முடிந்தபோது துண்டில் எண்ணெய்க் கறை தவிர எதுவும் இல்லை. ஈர்கூட ஒன்று இல்லை.

“இல்ல” என்றேன்.

“சத்தமாச் சொல்லுங்க. பின்னால நிக்கிற புள்ளைகளுக்குக் கேக்கல.”

“பேன் இல்ல.”

கடைசி வரிசைப் பிள்ளைகள் கத்திய கத்தலில் வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பின. அந்தப் பெண் மட்டும் கத்தவில்லை. முடியை அள்ளி முடிந்துகொண்டு, நான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி, கடைசி வரிசையில இருந்து ஒவ்வொருத்தரா வாங்க” என்றேன்.

அவளுடைய அம்மா கையை நீட்டி மறித்தாள். “மொத வரிசையில இருந்து வருவோம். கடைசி வரிசையத்தான் நீங்க வாரா வாரம் பாக்குறீகளே.”

முதல் வரிசையில் முதல் ஆள் என் மகள்.

“அவளுக்கு வீட்ல பாத்தாச்சு.”

“வீட்ல பாத்தது வீட்டோட இருக்கட்டும். இங்கன பாப்போம்.”

நான் என்ன சொல்லித் தப்பித்திருப்பேனோ தெரியாது. அதற்குள் என் மகளே வட்டத்துக்குள் வந்து அந்தப் பெண்மணியின் முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

“வலிக்காமச் சீவுவீகளா அத்தே?”

எங்கள் தெருப் பிள்ளை எதுவும் அந்தத் தெருப் பெண்ணை அதுவரை அத்தை என்று அழைத்ததில்லை. என் கையிலிருந்து சீப்பை வாங்கப் போனவளுக்கே ஒரு நொடி கை நின்றது.

“வலிக்காதுத்தா. சும்மா ஒக்காரு.”

முதல் இழுப்பிலேயே துண்டில் நாலைந்து விழுந்தன. எள்ளைவிடச் சிறியவை, நிறமே ஏறாதவை. அடுத்த இழுப்பில் இன்னும் கொஞ்சம். அவள் குனிந்து விரலால் ஒன்றைத் தள்ளிப் பார்த்தாள். பிறகு பிள்ளையின் காதை மடித்துப் பார்த்தாள். பார்த்தவள் நிமிர்ந்தாள்.

“ஆரு இந்தப் புள்ளைக்குச் சீமெண்ணெ ஊத்துனது?”

வெந்த இடத்தை அவளே எல்லாருக்கும் தெரியக் காட்டினாள்.

“வெந்து போயிக் கெடக்கு. இதுல பூராம் குஞ்சுப் பேனு. பெரிசு ஒண்ணு இல்ல. ஒரு வாரத்துக்கு முன்னாடி ஊத்தியிருக்காக. பெரிசு செத்துச்சு, ஈரு சாகல, இப்பப் பொரிஞ்சு வந்திருக்கு.” என்னைப் பார்த்தாள். “அப்ப ஒரு வாரமா ஒங்களுக்குத் தெரியும்.”

படிக்கத் தெரியாத ஒரு பெண் என் மகளின் தலையை வைத்து என்னைப் படித்துவிட்டாள்.

“தெரியும்” என்றேன். “நான்தான் ஊத்துனேன். ஒம்மகளை வெளிய நிறுத்திவச்சது தப்புன்னு அன்னைக்கே தெரியும்.”

அவள் துண்டை உதறி மறுபடி விரித்தாள். “சரி, அடுத்த தலை வரட்டும்.”

அன்று மாலைக்குள் கணக்குத் தெரிந்தது. எங்கள் தெருப் பிள்ளைகளில் மூன்று நான்கு பேர் தவிர எல்லாத் தலையிலும் பேன். ரெட்டைச் சடைக்குள், கனகாம்பரத்துக்குக் கீழே, கொழுத்துக் கிடந்தது. ஒவ்வொரு தலை அகப்பட்டபோதும் கடைசி வரிசை கைதட்டியது. நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

“இனி என்ன செய்யணும்?” என்று அவளிடம் கேட்டேன். வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல கேள்விகளில் ஒன்று அது.

“மொளகாயில பூச்சி விழுந்தா ஒங்க வயலுக்கு மட்டும் மருந்தடிச்சிட்டு, பக்கத்து வயல விட்டுருவீகளா? இங்கன அடிச்சா அங்கன போகும், அங்கன அடிச்சா இங்கன வரும். அம்புட்டுத் தலையையும் ஒரே நாள்ல சீவணும். ஒரு நாளு விட்டு மறுநாளு திரும்பவும் சீவணும். ஈரு பொரிஞ்சு வர்றதுக்குள்ள, அது முட்டை வைக்கிற அளவுக்குப் பெரிசாகுறதுக்குள்ள எடுத்துறணும். ரெண்டு வாரம் விடாமச் செஞ்சா ஒண்ணு நிக்காது. நான் வேற ஒண்ணும் செய்யல.”

பிற்காலத்தில் மருத்துவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தபோது ஈரத்தலையில் இப்படித்தான் சீவச் சொல்லியிருந்தார்கள். என் பேத்திக்கு உச்சிப்புளியில் பள்ளிக்கூடத்தில் பேன் தொற்றியபோது, கடையில் விற்கிற மருந்தோடு ஒரு சீப்பையும் எடுத்துக்கொண்டு என் மகள் செய்ததும் இதைத்தான்.

இரண்டு தெருத் தாய்மாரையும் வரச் சொல்லி ஆள் விட்டேன். எங்கள் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. அவ கையால எம்புள்ள தலையச் சீவுறதா என்று, கேட்கப் போன என்னிடம் ஒருவர் தம் வீட்டு வாசலில் நின்றே பேசினார். நான் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கும்போது என் மனைவி எங்கள் வீட்டுச் சீப்பை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைக் கடந்து போனாள். மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து, கூலிக்காரர் தெருவில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தையை இழுத்து மடியில் சாய்த்துச் சீவ ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு எங்கள் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தாங்கள் வராவிட்டால் தங்கள் பிள்ளை தலையில் இருப்பது ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயமும் ஒரு காரணம். காரணம் எதுவானால் என்ன, வந்தார்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள், மாலையில் பள்ளி முடிந்ததும், வேப்பமரத்தடி கல்யாண வீடாக இருந்தது. நெருக்கப் பல் சீப்புகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்தப் பெண்மணி, பேன் விழ விரித்திருந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தாள்.

“ஏக்கா, ஒங்க மக தலையில கடலாடிச் சந்தையில்ல கூடியிருக்கு.”

“இருந்துட்டுப் போகுது. ஒம்மவன் தலையில என்ன, முந்தாநாளு சீவுன எடத்துல இன்னைக்கும் ரெண்டு நடைபயிலுது.”

“அது ஒங்க தெருவுல இருந்து விருந்தாடி வந்தது.”

“அப்ப சோறு போட்டு அனுப்பு.”

இந்தப் பேச்சைப் பேசியது நிலம் வைத்திருந்த ஒரு வீட்டு அம்மாவும் அந்த நிலத்தில் வேலை செய்த வேறொரு பெண்ணும். வயலில் வரப்பின் மேலிருந்தும் கீழிருந்தும் பேசிக்கொள்கிறவர்கள். மரத்தடியில் இருவர் மடியிலும் தலைகள் இருந்தன, இருவர் விரலும் எண்ணெயாக இருந்தது.

நாலாவது சுற்றில் பல துணிகள் வெள்ளையாகவே நின்றன. ஆறாவது சுற்றில் ஒரு துணியில் ஒன்றே ஒன்று. அதைப் பார்க்கப் பள்ளியே ஓடிவந்தது. எட்டாவது சுற்று ஒரு வெள்ளிக்கிழமை. அறுபத்துச் சொச்சம் தலைகள். கடைசித் தலையைச் சீவி முடித்ததும் அந்தப் பெண்மணி எல்லாத் துணிகளையும் வாங்கி ஒவ்வொன்றாக வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். ஒன்றிலும் புள்ளி இல்லை. துணிகளைத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டினாள். பிள்ளைகள் கத்திக்கொண்டே பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஓடினார்கள். நானும் அவர்களோடு அரைச் சுற்று ஓடினேன் என்று என் மகள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள். இருக்கலாம். அன்றைய சந்தோஷத்துக்கு ஓடியிருப்பேன்.

அந்த முடி மாசியில் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது. அந்தப் பெண் சித்திரைக்குப் பிறகு கடலாடியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்த்துவிடப் போனவன் நான், அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவளுடைய அம்மாவிடம் நான் மன்னிப்பு என்ற சொல்லைக் கடைசிவரை சொல்லவில்லை. தப்பு என்று ஒரு முறை சொன்னதே போதும் என்று நினைத்துவிட்டேன். அவள் காலமான செய்தி வந்தபோது நான் ராமநாதபுரத்தில் பேரன் வீட்டு விசேஷத்தில் இருந்தேன். போகவில்லை. இந்தக் குற்றங்களை வரிசையாக வைத்தால் மண்ணெண்ணெய் கடைசியில்தான் வரும்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையை யாரும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. மணி அடித்ததும் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். கடைசி வரிசைப் பலகையை நான் முதல் நாளே சுவரிலிருந்து இழுத்து நடுவில் போட்டிருந்தேன். அந்தப் பெண்ணின் அம்மா வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, “எம்புள்ள எங்கன ஒக்காரும்?” என்று கேட்டாள்.

“அவளைக் கேளு” என்றேன்.

அந்தப் பெண் நேராக முன் வரிசைக்குப் போய் என் மகளைத் தள்ளி உட்காரச் சொன்னாள். என் மகள் நகர்ந்தாள். கணக்குப் புத்தகம் என் மகளிடம் மட்டும் இருந்தது. இரண்டு பேரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு, தலையோடு தலை முட்டக் குனிந்து, நான் சொன்ன பக்கத்தைத் தேடினார்கள். வாசலில் நின்றவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வாரேன் வாத்தியாரய்யா” என்று வயலுக்கு நடந்தாள். நான் பின்னக் கணக்கை எழுதக் கரும்பலகைக்குத் திரும்பினேன்.